ஏழுக்கு ஒன்று

எங்கள் ஆலையில் என் அத்தானைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கரியண்ணன்தான். கரித்தொட்டி நான்கும் அவர் பொறுப்பு. தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும் காது மடலில் ஒரு கோடு கறுப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அக்கா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "போங்க, இனி இது உங்க காதே இல்ல, ஆலையோட காது" என்பாள்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இது அவரைப் பற்றியதா உன்னைப் பற்றியதா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு இப்போது யாருக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை.

நாங்கள் செய்கிற வேலை இதுதான். காப்பிக்கொட்டையில் தூக்கத்தைக் கெடுத்து நெஞ்சைப் படபடக்க வைக்கிற காஃபீன் இருக்கிறதே, அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கொட்டையைக் கொட்டையாகவே திருப்பி அனுப்புவது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "பல்லைப் பிடுங்கின பாம்பை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று கேட்டார். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. "கடிபட்டவன் வாங்குவான்" என்றார். அப்போது அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பிடுங்குவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் வாழ்க்கை புரியாது. பச்சைக் கொட்டையை வெந்நீரில் ஊறப்போட்டால் காஃபீன் தண்ணீரில் இறங்கிவிடும். ஆனால் ருசியும் கூடவே இறங்கிவிடும். மிஞ்சுவது சக்கை. அந்த முதல் ஈட்டை அப்படியே குப்பையில் கொட்டிவிடுவோம். ஒரு தடவை தொட்டியில் போடுவதைத்தான் ஈடு என்போம். கையில் இருப்பது ருசியும் காஃபீனும் நிறைந்த தண்ணீர். அதைக் கரித்தொட்டி வழியாக விட்டால் கரி காஃபீனை மட்டும் பிடித்துக்கொள்ளும், ருசியை விட்டுவிடும். இப்போது அந்த ருசித் தண்ணீரில் அடுத்த ஈட்டை ஊறப்போட வேண்டும். தண்ணீரில் ஏற்கெனவே ருசி நிரம்பிக் கிடப்பதால் கொட்டையின் ருசி வெளியே வராது. காஃபீனுக்கு மட்டும் இடம் இருக்கிறது, அது இறங்கி வந்துவிடும். திரும்பக் கரி, திரும்பக் கொட்டை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடும். பிறகு உலர்த்தி மூட்டை கட்டுவோம்.

ஆக எல்லாம் கரி கையில்தான் இருக்கிறது. கரியும் எவ்வளவு நாள்தான் பிடிக்கும்? ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கு வயிறு நிரம்பிவிடும். அத்தான் அதைக் "கரி செத்துப்போச்சு" என்பார். அப்போது அதை அள்ளி உலையில் சுட்டு, புதுக் கரியாக்கித் திரும்பப் போட வேண்டும். எப்போது செத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. குழாயில் வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைப்பார். "இன்னும் நாலு ஈடு" என்பார். நான் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். உலர்ந்த கொட்டையை அரைத்து மெஷினில் வைத்து, மிச்சம் எவ்வளவு காஃபீன் என்று பார்த்து எழுதுவது என் வேலை. நூறு பங்கில் புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. என் மெஷினும் அவர் நாக்கும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

அவர் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு நாற்பது ஆன பிறகும், சோதனைக்கூடத்தில் நாலு பேர் முன்னால், "பாப்பா, அந்த ரெண்டாவது தொட்டி நம்பர் என்னம்மா?" என்பார். எனக்கு மானம் போகும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே எனக்குத்தான் எல்லாத் திட்டும் எல்லாத் தின்பண்டமும்.

அக்காவுக்கு இதயம் தாளம் தப்புகிற நோய். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "காப்பியை இன்னையோட விட்டுடுங்க, விளையாட்டில்ல, உங்க இதயத்துக்கு அது விஷம்" என்றார். அக்கா ஒருநாளைக்கு ஆறு டம்ளர் குடிப்பவள். வீட்டுக்கு வந்து, சொத்து போனவள் மாதிரி அழுதாள். அத்தான் மறுநாளே டாக்டரிடம் ஓடி, எங்கள் ஆலைக் கொட்டையைப் பற்றிச் சொல்லிக் கேட்டார். சுத்தமாக எடுத்திருந்தால் காலையில் ஒன்று குடிக்கட்டும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. அக்கா உயிரோடு இருக்க வேண்டும். ஆலை கொடுக்கிற பாக்கெட்டைக்கூட அவர் நம்பவில்லை. தொட்டியில் புதுக் கரி போட்ட பிறகு வருகிற முதல் ஈட்டில்தான் காஃபீன் எள்ளளவும் மிஞ்சாது என்பது அவர் கணக்கு. அதிலிருந்து இரண்டு கிலோ கேட்டு வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை தானே வறுத்து, தானே அரைத்து, டப்பாவில் அடைத்துவைப்பார். காலையில் ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். "என்ன, நான் டம்ளரையும் முழுங்கிடுவேன்னு பயமா?" என்பாள் அக்கா. எட்டு வருஷம் இப்படிப் போனது. எட்டு வருஷமும் அவள் இதயம் பெரிதாகத் தகராறு செய்யவில்லை.

போன வருஷம் கரி சுடுகிற உலை வெடித்து விரிசல் விட்டது. புதுக் கரியும் வந்து சேரவில்லை. கப்பலில் வருகிறது, துறைமுகத்தில் நிற்கிறது, நாளைக்கு, நாளை மறுநாள் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கதை. அத்தான் மேனேஜரிடம் போய், "கரி செத்துப்போச்சு சார், நிறுத்திடுங்க" என்றார்.

மேனேஜர் கழுவுற மீனில் நழுவுற மீன். "நீங்க சொன்னா சரிதான். ஆனா இன்னும் ஒரு மூணு ஈடு தாங்காதா? முயற்சி பண்ணிப் பாருங்களேன்" என்றார். அத்தான் சொன்னது சொன்னபடியே ஆனது. அந்த மூன்று ஈட்டையும் நான் மெஷினில் வைத்தேன். புள்ளி ஐந்து. எடுக்க வேண்டியதில் பாதிக்குக் கிட்ட கொட்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

திரும்ப ஊறப்போடக் கரி இல்லை. கொட்டவும் மேனேஜருக்கு மனசில்லை. கலக்கச் சொன்னார். ஏழு பங்கு நல்ல கொட்டைக்கு ஒரு பங்கு கெட்டது. இருபத்தோரு நல்ல ஈட்டோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கலந்து ஒரே எண் கொடுத்தால், மொத்தத்தின் சராசரி புள்ளி ஒன்றுக்குள் அடங்கிவிடும். கணக்கில் பொய் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தான் அன்றைக்குக் கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சராசரியை யாரு சார் குடிக்கிறா? குடிக்கிறவன் ஒரு கை கொட்டைதான் குடிக்கிறான். அந்தக் கை நெறைய கெட்டதா இருந்தா?"

"அண்ணே, உங்க வீட்டு மருத்துவச் செலவெல்லாம் ஆலை பாத்துக்குதுல்ல? நல்லா இருக்காங்கல்ல வீட்டுல?" என்றார் மேனேஜர், தோளில் கை போட்டுக்கொண்டு. அத்தான் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ.

இன்னொரு வேலையும் எனக்கு வந்தது. ஒவ்வொரு ஈட்டிலும் அரைக் கிலோ கொட்டையைச் சின்ன டப்பாவில் எடுத்து, சீட்டு ஒட்டி, சோதனைக்கூட அலமாரியில் ஒரு வருஷம் வைத்திருப்போம். பின்னால் யாராவது புகார் சொன்னால் திறந்து பார்க்க. அந்த இருபத்துநான்கு டப்பாவிலும் பழைய சீட்டின் மேல் கலந்த எண்ணைப் போட்ட புதுச் சீட்டை ஒட்டச் சொன்னார் மேனேஜர். ஒட்டினேன். என் கையெழுத்தில் எண், என் கையெழுத்தில் 'தேறியது'. கெட்ட மூன்று டப்பாவும் நல்ல இருபத்தொன்றும் ஒரே முகமாக நின்றன. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். மறப்பதற்காகவே ஒட்டினது, மறந்தும் போனேன்.

புதுக் கரி வரவில்லை என்றால் அத்தானுடைய முதல் ஈடும் இல்லை. வீட்டு டப்பா காலியானது. "புதுக் கரி வர்ற வரைக்கும் காப்பி கிடையாது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பிடித்தாள்.

"ஏய், நீ அந்த சோதனைக்கூடத்துலதானே குப்பை கொட்டுற? ஒரு டப்பா கொட்டை கொண்டு வாயேன்டி."

"அத்தான் திட்டுவாரு."

"அவரு திட்டினா எனக்கு என்ன, எட்டு வருஷமா ஒரு டம்ளர். அதையும் பிடுங்கிட்டா நான் எதுக்குடி காலையில எழுந்திருக்கணும்? அவர்கிட்ட மூச்சு விடாதே."

அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்ன வழக்கமே கிடையாது. அலமாரியைத் திறந்தேன். முன்வரிசையில் இருந்த டப்பாவை எடுத்தேன். சீட்டில் 'தேறியது' என்று இருந்தது. நானே எழுதியது, ஆகவே நம்பினேன். அது எந்த டப்பா என்று படிக்கிற உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். இருபத்துநான்கில் மூன்று. ஏழுக்கு ஒன்று. என் கை சரியாக அந்த ஒன்றின் மேல் போய் விழுந்தது.

அத்தான் வேலைக்குப் போன பிறகு அவள் வறுத்துக்கொள்வாள். அவருக்கு வாசனை தெரியாது. இத்தனை வருஷம் காப்பி ஆவியிலேயே நின்று நின்று அவர் மூக்குக்கு அந்த வாசனை மட்டும் மரத்துப் போயிருந்தது. நாலைந்து நாள் கழித்து நான் போனபோது அக்கா முகம் பளிச்சென்று இருந்தது. "இந்தத் தடவை காப்பி காப்பியாவே இருக்குடி! அவரு கொண்டு வர்றதுல ஏதோ ஒண்ணு குறையும். இதுல குறையல. ரெண்டு, மூணுன்னு போயிட்டு இருக்கு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிப்பாவி, காஃபீன் அளக்கிறதே உனக்குப் பிழைப்பு, அந்த ஒரு பேச்சில் உனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பதினோராம் நாள், மணி ஒன்பது இருக்கும், அக்கா அடுப்படியில் விழுந்துகிடந்தாள். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு ஆலைக்குப் போன் செய்தாள். அத்தான் கரி அப்பிய கையோடு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. போய்விட்டாள்.

டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன், அவள் காப்பி குடித்திருந்தால் இப்படி ஆகுமா என்று. "ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். பலவீனமான இதயம்மா, எப்ப வேணும்னாலும் நின்னிருக்கும்" என்றார். அந்த 'ஆகாமலும்' என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தொங்கினேன். தேறின கொட்டைதானே கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து அத்தான் சோதனைக்கூடத்துக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், வேறு யாரும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். கையில் அந்த டப்பா. அடுப்படியில் சோப்புத்தூளுக்குப் பின்னால் இருந்ததாம்.

"இது உன் கையெழுத்துதானே பாப்பா?"

"ஆமா அத்தான். அக்கா கேட்டா. தேறின ஈடுதான்."

"நீ பாக்காம குடுத்திருக்க மாட்டே, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருதடவை மெஷின்ல வெச்சுப் பாத்துடு."

டப்பாவைக் கையில் வாங்கினேன். ஈரம் பட்டுச் சீட்டின் ஒரு மூலை எழும்பியிருந்தது. அடியில் பழைய எண் தெரிந்தது. செத்த கரியின் இரண்டாவது ஈடு. கொட்டையை அரைத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மெஷின் ஓடுகிற கால் மணி நேரமும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் கோடு எழும்பி நின்றது. புள்ளி ஐந்து ஒன்று.

"எவ்வளவு பாப்பா?"

"புள்ளி பூஜ்யம் ரெண்டு. சுத்தமா இருக்கு அத்தான்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

திரையை அணைத்துவிட்டேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நிம்மதியில் அழுகிறார், அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அப்ப கொட்டையில ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல அத்தான்."

"அப்ப நான்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"அன்னைக்குக் காலையில அவகிட்ட கத்திட்டேன் பாப்பா. சட்டையில பட்டன் இல்லைன்னு. ஒரு பட்டனுக்கு. ஆலையில மேனேஜர்கிட்ட காட்ட முடியாத கோவத்தையெல்லாம் அவகிட்ட காட்டினேன். பிள்ளை பெத்துக் குடுக்காதவன்னு கூடச் சொல்லிட்டேன். இத்தனை வருஷத்துல சொல்லாத வார்த்தை. அவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் கதவை அடிச்சுச் சாத்திட்டு வந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "இந்த டப்பாவைப் பாத்ததும் எனக்கு உயிர் வந்துச்சு. கொட்டையாத்தான் இருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன். உன் மேல பழி விழும்னு தெரிஞ்சும் வேண்டிக்கிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. அணைத்த திரையைத் திரும்பப் போட்டால் அதுவே சொல்லியிருக்கும். அதற்குள் அவர் எழுந்து, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா? போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே வேலையை விட்டார். புதுக் கரி வந்தது, உலை சரியானது, கரித்தொட்டிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அத்தான் வீட்டில் முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யார் போனாலும், "நான்தான் அவளைக் கொன்னேன்" என்று சொல்கிறார், நேரம் என்ன என்று சொல்வது போல. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுகிறார். கொடுக்காவிட்டால் கேட்பதில்லை.

வாரம் மூன்று நாள் போகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் படியேறுகிறேன். பாத்திரம் கழுவி, துணி துவைத்துப் போட்டுவிட்டு இறங்கி வருகிறேன். சொன்னால் அவருக்கு இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். பொய். சொன்னால் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பிறகு அதில் நான் உட்கார வேண்டும். அந்தப் பயத்தில் ஆறு மாதமாக அவரை அதில் உட்கார வைத்திருக்கிறேன்.